யாரோ ஒரு புண்ணியவான்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு மிக்ஸி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு சரி. காலையில் டப்பாக்களில் வந்து சேரும் மலத்தை உப்புநீர் விட்டு மிக்ஸியில் அடித்து, சல்லடையில் வடிகட்டி, வெளிச்சம் புகாத கறுப்புக் குப்பிகளில் நிரப்பி உறைபெட்டியில் அடுக்குவதுதான் அவன் வேலை. நாற்றம் பழகிப்போய்ப் பல வருடமாகிவிட்டது. யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டால், "எல்லாரும் தினமும் செய்யறதுதானே, நான் மிச்சத்தைப் பாத்துக்கறேன்" என்பான்.

அதற்கு முன்னால் ஏழு வருடம் எலி அறையில் இருந்தான். இடுக்கியும் கையுமாகக் கூண்டு கூண்டாகப் புழுக்கை பொறுக்கிய காலம் அது. குடல் புண்ணான எலிகளுக்கு நல்ல எலிகளின் புழுக்கையைக் கரைத்து உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். பத்தில் ஏழு எலிகள் தேறின. ரோமம் மினுமினுத்தது, வால் நிமிர்ந்தது, கூண்டுக் கம்பியில் ஏறி இறங்கின. அந்த ஏழு எலிகளை நம்பித்தான் மனிதர்களுக்கான சோதனையே ஆரம்பமானது.

பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி ரத்தம் ரத்தமாகப் போகிறவர்கள் நாற்பத்தொரு பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலக்கரைசலைக் குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்துவார்கள். மீதிப் பேருக்கு அவரவர் கொடுத்ததே கரைந்து அவரவருக்குத் திரும்பிப் போகும். ஆளுக்கு ஐந்து குப்பி, மூன்று வாரத்துக்கு ஒன்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, குழாய் வைக்கிற டாக்டருக்கும் தெரியாது, ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டர் அம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் மனசு சாயும், மனசு சாய்ந்தால் கணக்கும் சாயும் என்பார் அவர். குப்பி தயாரிக்கிற அறையில் மட்டும் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் எண்களுக்கு நேராக இரண்டே சொற்கள்: கொடை, சொந்தம்.

கொடை எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்தது. நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். குண்டு மனிதர், எந்நேரமும் தூக்கக் கலக்கம், கண்டதையும் தின்பார். ஆனால் இருபது பேரைச் சோதித்ததில் அவருடைய வயிறு ஒன்றுதான் தேறியது. வள்ளல் என்று அவருக்குப் பெயர் வைத்தவன் மிக்ஸிதான். தினமும் எட்டு மணிக்கு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் தாராளமாவே இருக்கு" என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

மிக்ஸிக்கு ஒரு அக்கா. பத்தொன்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். ஏழு வயது மூத்தவள் என்றாலும் அவனுக்கு அவள் இன்னொரு அம்மா மாதிரி. அவன் கல்லூரிக்குப் போன நாட்களில் முதல் பேருந்தை எடுக்கிறவள் அவள்தான். ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்துதான் அவன் பரீட்சைக்குப் படித்தான். குழி வருகிற இடத்தில் "புத்தகத்தைப் பிடி" என்று முன்கூட்டியே சொல்லுவாள்.

நாற்பத்து மூன்று வயதில் நோய் வந்தது. முதலில் ஒரு நாளைக்கு ஆறு தடவை, பிறகு பன்னிரண்டு. பதினான்காம் தடத்தில் எந்தெந்தப் பெட்ரோல் நிலையத்தில், எந்தெந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் பாலத்தின் மேல் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, இறங்கவும் வழியில்லை. வண்டி நிறையப் பயணிகளை வைத்துக்கொண்டு அவள் இருக்கையிலேயே நனைந்துபோனாள். பணிமனைக்கு வந்து எல்லாரும் இறங்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவள், கணவருக்கு, அதாவது மிக்ஸியின் அத்தானுக்கு, போன் செய்து வேறு உடை கொண்டுவரச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பணிமனையில் பயணிகளுக்குத் தகவல் சொல்லும் விசாரணைக் கூண்டில் உட்காரவைத்தார்கள். கழிப்பறைக்குப் பக்கத்தில் அதுதான் இருந்தது.

மருந்து எதுவும் பிடிக்கவில்லை. தம்பியின் கூடத்தில் இப்படி ஒரு சோதனை நடக்கிறது என்று அவளுக்குச் சொன்னவன் அவன்தான். ஆனால் ஊழியர்களின் உறவினர்கள் சேரக் கூடாது என்பது விதி. அதையும் சொன்னான். அவள் தலையாட்டினாள். "சரிடா, எலிக்கு இருக்கற அதிர்ஷ்டம் எனக்கு இல்லை" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறவள் அல்ல என்று அப்போதே அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை இருபத்தேழாம் எண்ணின் டப்பா வந்தது. ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எண், தேதி, எடுத்த நேரம். மற்றவர்கள் காலை ஏழு என்று எழுதுவார்கள், பாதிப் பேர் அதைக்கூட எழுதுவதில்லை. இருபத்தேழில் இப்படி எழுதியிருந்தது: "புறப்பாடு 6.47. வந்து சேர்ந்தது 7.32. தாமதம் இல்லை."

ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. அக்காவின் அந்த ஏழு அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கையுறை போட்ட கையோடு அப்படியே நின்றான். வேறு மருத்துவமனை வழியாக வந்து, உறவினர் யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுச் சேர்ந்திருக்கிறாள். தம்பிக்குச் சிக்கல் வரக் கூடாதென்று அவனிடமும் மூச்சு விடவில்லை. சீட்டில் இந்தக் குசும்பை எழுதும்போது, யாரோ முகம் தெரியாத ஆள் படித்துச் சிரிக்கட்டும் என்று நினைத்திருப்பாள். அல்லது அவன் படிப்பான் என்றே நினைத்திருப்பாள். கேட்கவும் முடியாது.

பிறகுதான் சுவரைப் பார்த்தான். இருபத்தேழு, சொந்தம்.

விதிப்படி அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளைச் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவள் கழித்ததையே கரைத்து அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படிப் போனாலும் அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் நீக்கிவிட்டால் நம்பிக்கையும் போய்விடும். அவன் வாயை மூடிக்கொண்டான். டப்பாவைத் திறந்தான். இத்தனை வருடத்தில் எவ்வளவோ ரத்தம் பார்த்தவன். அன்று சல்லடையில் சளியும் சிவப்புமாகத் தேங்கியது அக்காவுடையது. வடிகட்டி, நிரப்பி, எண் ஒட்டி, உறைபெட்டியில் வைத்தான்.

முதல் குப்பி போய்ப் பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனான். கதவைத் திறந்த அத்தான் முகத்திலேயே சேதி தெரிந்தது. பன்னிரண்டு தடவை நாலாகிவிட்டதாம். ரத்தம் இல்லையாம். ஏதோ புது வைத்தியம் என்று மட்டும் அத்தான் சொன்னார். மேலே சொல்லாமல் அக்கா கண்ணால் தடுத்தாள். தெரியாதவன் மாதிரி அவனும் நல்லது என்றான்.

சாப்பாட்டுக்கு நடுவில் அவளுக்கே பொறுக்கவில்லை. "யாரோ ஒரு புண்ணியவான்டா" என்றாள். "யாருன்னே தெரியாது. நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, எனக்காக ஒரு டப்பால கொடுத்திருக்கான். அவன் குடும்பம் நல்லா இருக்கணும்."

"எப்படிப்பட்ட ஆளா இருக்கும்?" என்றார் அத்தான்.

"ஓட்டப்பந்தய வீரன் மாதிரி இருப்பான். வேளா வேளைக்குப் பழம் சாப்பிடுவான். பொய் பேச மாட்டான்."

அவன் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். அக்கா அவன் தட்டைப் பார்த்து, இப்போது உனக்கு வயிறு சரியில்லையா என்று கேலி செய்தாள்.

அந்த மூன்று வாரத்தில் அவள் என்னென்னவோ செய்தாள். பதினான்காம் தடப் பேருந்தில் பயணியாக ஏறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நடுவில் ஒரு தடவைகூட இறங்காமல் போய்வந்தாள். பணிமனைக்குள் கூட்டாளிகளைக் கெஞ்சிக் காலி வண்டியை எடுத்து மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். கொஞ்சம் சதை போட்டது. இரண்டாவது குப்பிக்குப் போனபோது குழாய் வைக்கிற டாக்டரிடமே, கொடுத்தவருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டாளாம். அவர் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் அத்தான் வழியாகக் கேட்கக் கேட்க, மிக்ஸிக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. ஒருவேளை சொந்தமே போதுமோ, பட்டியலும் குப்பியும் எதுவாக இருந்தால் என்ன, அவள் பிழைத்துக்கொள்வாளோ என்று நினைத்தான். மனசு தேறினால் குடலும் தேறும் என்று யாரோ சொன்னதையெல்லாம் நம்ப ஆரம்பித்தான்.

இரண்டாவது குப்பிக்குப் பிறகு ஒரு வாரத்தில் ரத்தம் திரும்பி வந்தது. முதலில் கோடு மாதிரி, பிறகு கொட்டியது. அத்தான் ஆராய்ச்சிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அக்கா ரெண்டு நாளாகக் கழிப்பறைத் தரையிலேயே தலையணை போட்டுப் படுத்திருக்கிறாள் என்றார். அடுத்த குப்பி வியாழக்கிழமை, அதுவரை தாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று அவளே சொல்கிறாளாம். "முதல்ல சரியாச்சு இல்ல, அப்ப மறுபடியும் ஆகும்தானே?" என்று கேட்டார்.

ஆகும் அத்தான் என்று சொல்லி அனுப்பினான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வள்ளல் வழக்கம்போல வந்து டப்பாவை வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டபடி போனார். மிக்ஸி உறைபெட்டியைத் திறந்தான். மேல்தட்டில் கொடைக் குப்பிகள், கீழ்த்தட்டில் சொந்தம். எல்லாம் ஒரே கறுப்பு. எண் எழுதிய ஒட்டுச்சீட்டுதான் வித்தியாசம். மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். அதன்மேல் இருபத்தேழு என்று ஒட்டினான். அக்காவுடையதைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கழிவு வாளியில் போட்டான். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு எலிப்புழுக்கையைக்கூட இடம் மாற்றி வைக்காத கை, தயங்கக்கூட இல்லை. அதுதான் பிற்பாடு அவனைப் பயமுறுத்தியது.

அன்று மாலைவரை அவனுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. முதல் தடவையாக அக்காவுக்கு நிஜமாகவே ஏதோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

நாலாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. வயிறு பறை மாதிரி உப்பி, தொட்டாலே துடித்தாள். மருத்துவமனையில் சேர்த்து, குடல் வீங்கி எந்நேரமும் கிழியலாம் என்றார்கள். நோய் முற்றியதா, வெளியிலிருந்து கிருமி ஏதாவது போனதா என்று அங்கே குழம்பினார்கள். ஆராய்ச்சிக்கூடத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் சொந்தம் என்று இருந்தது. அவளுடையதே அவளுக்குப் போனால் புதுக் கிருமிக்கு வழியில்லை என்று முடிவு செய்து, அந்தப் பக்கம் யோசிப்பதையே விட்டுவிட்டார்கள்.

இதைக் கேட்ட பிறகும் மிக்ஸி ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தான். சொன்னால் வேலை போகும் என்பதற்காக அல்ல. சொன்னால் அக்காவின் நிலைமைக்குத் தானே காரணமென்று ஆகிவிடும். அந்தச் சொல்லை வாயால் எடுக்க அவனுக்கு ஒரு பகலும் ஒரு இரவும் வேண்டியிருந்தது. மறுநாள் காலை பெரிய டாக்டர் அம்மாவின் அறைக்குப் போனான்.

அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு முதலில் மருத்துவமனைக்குப் போன் போட்டு, உள்ளே போனது வேறொருவருடையது என்று சொன்னார். போனை வைத்துவிட்டுத்தான் அவன் பக்கம் திரும்பினார்.

"எத்தனை குப்பி மாத்தினீங்க?"

"ஒண்ணுதான் மேடம். அக்காவோட மூணாவது மட்டும்."

"மத்த நாப்பது பேருக்கும் சரியாத்தான் போச்சுன்னு எப்படி நம்புறது?"

"சரியாத்தான் போச்சு மேடம்."

"நான் நம்புறேன். வேற யாரும் நம்ப மாட்டாங்க. நம்பவும் கூடாது."

அவன் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டான். அந்தக் குப்பியால்தான் இப்படி ஆனதா என்று. வள்ளலுடையது சோதித்த வரைக்கும் சுத்தம், எதுவும் இல்லை என்றார் அவர். உங்கள் அக்காவின் நோய் தானாகவே இந்த இடத்துக்கு வந்திருக்கலாம். புண்ணான குடலுக்கு அது ஒத்துக்கொள்ளாமலும் போயிருக்கலாம். "இதைத் தெரிஞ்சுக்கத்தான் நாம இந்தச் சோதனையே பண்ணோம்" என்றார். "இப்ப யாராலயும் சொல்ல முடியாது." குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எலி அறை நாட்களையும் சேர்த்தால் இந்த ஆராய்ச்சி அவருக்குப் பன்னிரண்டு வருடம்.

அன்று சாயங்காலம் அக்காவின் பெருங்குடலை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். வெளிக் கிருமியாக இருக்கலாம் என்று ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் எடுக்காமல் இருந்திருக்கலாமா என்று அறுவை செய்தவரிடம் அத்தான் கேட்டார். அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். உயிர் தங்கியது. வயிற்றின் ஓரத்தில் ஒரு துளை, அதில் ஒட்டிய பை. இனி அதுதான் வழி என்றார்கள்.

சோதனையை நிறுத்தினார்கள். நாற்பத்தொரு பேரின் குப்பிகளும் எரியூட்டிக்குப் போயின. நன்றாகத் தேறிக்கொண்டிருந்த சிலர் மீதிக் குப்பியையாவது கொடுங்கள் என்று வந்து வாசலில் நின்றார்களாம், கொடுக்க விதியில்லை. வள்ளலுக்குச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். மறுநாள் எட்டு மணிக்கு அவர் டப்பாவோடு வந்து, வாங்க ஆளில்லாமல் கால் மணிநேரம் நின்றுவிட்டு, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த மிக்ஸி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தான்.

அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. அலுவலக மொழியில் நாலே வரி. உங்களுக்கு அளிக்கப்பட்ட மூன்று குப்பிகளில் ஒன்று பட்டியலுக்கு மாறானது, பொறுப்பான ஊழியர் நீக்கப்பட்டார், வருந்துகிறோம். எந்தக் குப்பி என்று சொல்லவில்லை. அத்தான் அவனை வரச் சொன்னார்.

பேருந்தில் போகும்போது அவன் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தான். முதல் இரண்டும் அந்தப் புண்ணியவானுடையது அக்கா, மூன்றாவதில்தான் தவறி உன்னுடையதை வைத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். அவளைச் சுகப்படுத்தியது ஒரு நல்ல மனிதன், கெடுத்தது தம்பியின் கவனக்குறைவு. யாருக்கும் நஷ்டமில்லாத பொய். படியேறும்வரை அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில் இருந்தது. பாதியாக இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி இடம் ஒதுக்கினாள். அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அவனுக்குப் பொய் வரவில்லை.

"நீதானா?" என்றாள்.

"ஆமாக்கா."

"எதை மாத்தின?"

"மூணாவதை. உனக்கு வந்தது உன்னோடதுதான்க்கா, முதல்லேர்ந்தே. பட்டியல்ல அப்படித்தான் இருந்துச்சு. மூணாவதுல மட்டும் வேற ஆளோடதை வச்சேன். உனக்குச் சரியாகணும்னு."

அவளுக்கு அது உடனே புரியவில்லை. கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதில் இல்லாததைத் தேடுகிறவள் மாதிரி.

"அப்ப நல்லா இருந்தேனே, அந்த மூணு வாரம்? அது யார் கொடுத்தது?"

அவன் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தான்.

"யாருமே கொடுக்கலையா?"

"இல்லக்கா."

அடுத்த அறையில் அத்தான் எதையோ எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அக்கா வெகுநேரம் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"நீ மாத்தினதுல எனக்குக் கோபமில்லை" என்றாள். "நானா இருந்தாலும் மாத்தியிருப்பேன். பை தொங்குது, தொங்கட்டும். ஆனா எனக்குன்னு அந்த மூணு வாரம்தான்டா இருந்துச்சு. படுத்துக்கிட்டே அதைத்தான் நினைச்சுப் பாப்பேன். எவனோ ஒருத்தன் எனக்காகக் கொடுத்தான், நான் நல்லா இருந்தேன்னு. அதை ஏன்டா எடுத்துக்கிட்ட? ஒரு பொய் சொல்ல வரலையா உனக்கு?"

வந்தது அக்கா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பை நசுங்கிவிடாமல் ஒரு கையால் பிடித்திருந்தாள்.

இப்போது அவன் நகரத்துக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் இருக்கிறான். மாட்டுச் சாணத்தைக் கரைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் புழுமுட்டை எண்ணுகிற வேலை. அங்கே அவனுக்குப் பட்டப்பெயர் கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தில் எலி அறையையும் மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டான். பெரிய டாக்டர் அம்மா வேறு எங்கோ பாடம் நடத்துகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகிறான். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அக்கா கூடத்தில்தான் இருப்பாள், டிவி ஓடிக்கொண்டிருக்கும். அவள் அவனோடு சண்டை போடுவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. அத்தானைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கான், தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பாள். அத்தான் திரும்பி அவனிடம் கேட்பார். அவன் அத்தானிடம் வேண்டும் என்பான். அவர் கொண்டுவந்து கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரை அடுப்படியில் கழுவி வைத்துவிட்டு, அடுத்த பேருந்துக்கு நேரமாகும்வரை மூன்று பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.